இரவில் வரும் குரைப்பு இருமல்
குரூப் நோயுற்ற குழந்தையைப் பேணும் முறை

நள்ளிரவு கடந்த நேரம். இரண்டு நாளாய் மூக்கொழுகலும் இலேசான காய்ச்சலுமாக இருந்த ஒன்றரை வயதுக் குழந்தை திடீரென எழுந்து இருமுகிறது. வழக்கமாகக் கேட்கும் இருமல் அன்று அது. நாய் குரைப்பது போன்ற வறண்ட, முரட்டு ஓசை. அழுதால் குரல் கம்மிப் போயிருக்கிறது. மூச்சை உள்ளிழுக்கும்போதெல்லாம் தொண்டையிலிருந்து கீச்சென்று ஓர் இரைச்சல். வீட்டிலுள்ளோர் அனைவரும் எழுந்து விடுகின்றனர். பாட்டி தைலப் புட்டியைத் தேடுகிறார். தாத்தா வேது பிடிக்கத் தண்ணீர் கொதிக்க வைக்கச் சொல்கிறார். தகப்பனார் மோட்டார் சைக்கிள் சாவியை எடுக்கிறார். யார் சொல்லைக் கேட்பதென்று தெரியாமல் தாய் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

இக்கட்டுரை அந்தத் தாய்க்காக எழுதப்படுவது. மருத்துவமனையில் தாதியர் இக்குழந்தையை எப்படிப் பேணுகின்றனர், ஏன் அப்படிச் செய்கின்றனர் என்பது விளங்கினால், வீட்டில் செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும் தாமே விளங்கிவிடும்.

இந்நோயைக் 'குரூப்' என்பர். கரகரத்த குரலில் கத்துவதைக் குறிக்கும் ஸ்காட்லாந்து நாட்டு வழக்குச் சொல் அது. 1765ஆம் ஆண்டில் எடின்பரோ மருத்துவர் பிரான்சிஸ் ஹோம் அதனைத் தம் நூலில் எடுத்தாண்டபின் மருத்துவ உலகில் நிலைத்துவிட்டது. நூல்களில் இவ்விருமலைக் கடல்நாயின் குரைப்புக்கு ஒப்பிடுவது வழக்கம். தாசேக் கெலுகோரில் கடல்நாயைக் கண்டவர் எவர்? நம் தெருநாய்க் குட்டியின் குரைப்பே போதும்; ஒருமுறை கேட்டவர் மறுமுறை கதவுக்கு அப்பாலிருந்தே அடையாளம் கண்டுகொள்வார்.

சளிக் காய்ச்சலை உண்டாக்கும் நுண்கிருமிகளே இதற்கும் காரணம். அவற்றுள் முதன்மையானது பாராஇன்புளுவென்சா வைரஸ். 1956ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் சானோக் குரூப் கண்ட குழந்தைகளிடமிருந்து இதைப் பிரித்தெடுத்தார். வைரஸ் என்பதால் அன்டிபயோட்டிக் மருந்துக்கு இங்கே வேலையில்லை. 'மருந்து தராமல் அனுப்பிவிட்டார்கள்' என்று சிலர் குறைபட்டுக் கொள்வதுண்டு. அன்டிபயோட்டிக் தராத மருத்துவர் இந்நோயை அறிந்தவர் என்றே கொள்ள வேண்டும்.

பெரும்பாலும் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளையே இது தாக்குகிறது. அதே வைரஸ் தகப்பனாருக்கும் தொற்றியிருக்கலாம். அவருக்குத் தொண்டை கட்டுவதோடு போய்விடுகிறது. குழந்தைக்கு மட்டும் ஏன் மூச்சுத் திணறல்? விடை மூச்சுக்குழலின் அளவில் இருக்கிறது. குரல் நாண்களுக்குச் சற்றுக் கீழே ஓரிடத்தில் குருத்தெலும்பு முழு வளையமாக, மோதிரம் போல் மூச்சுக்குழலைச் சூழ்ந்திருக்கிறது. அதற்குக் கீழுள்ள குருத்தெலும்புகள் பின்புறம் திறந்த லாட வடிவின. ஆகவே இந்த மோதிரத்துக்குள் வீக்கம் கண்டால் அது வெளியே விரிய வழியில்லை. உள்ளே துளையைத்தான் அடைக்கும். கைக்குழந்தையின் துளை ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலம் என்று கொள்வோம். சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் எஞ்சுவது 2 மில்லிமீட்டர். பரப்பில் முக்கால் பங்கு போய்விடுகிறது. காற்று செல்வதற்கான தடையோ 16 மடங்காகிறது. துளை 8 மில்லிமீட்டர் உள்ள பெரியவருக்கு அதே வீக்கம் வந்தால் தடை மூன்று மடங்குதான். இது குழந்தை அமைதியாக மூச்சு விடும்போது உள்ள கணக்கு. அழும்போது நிலைமை இன்னும் மோசமாகும்.

ஐஸ் தண்ணீர்க் கடையில் கொடுக்கும் காகித உறிஞ்சுகுழலை நினைத்துக் கொள்ளுங்கள். மெல்ல உறிஞ்சினால் பானம் வரும். அவசரப்பட்டு வலுவாக உறிஞ்சினால் ஊறிப்போன குழல் ஒட்டிக்கொள்ளும். குழந்தையின் மென்மையான மூச்சுக்குழலும் இப்படித்தான். அழும் குழந்தை காற்றை வேகமாக இழுக்கிறது; இழுக்க இழுக்கக் குழல் உட்புறமாகச் சுருங்குகிறது; மூச்சுக் கிடைக்காத பயத்தில் குழந்தை மேலும் அழுகிறது. குழந்தையை அழவிடாமல் வைத்திருப்பதே இந்நோய்க்கான தாதிமைப் பணியின் அடிப்படை. மருந்துகளும் கருவிகளும் அதற்குப் பிறகுதான்.

மருத்துவமனையில்

குழந்தையை அவசரப் பிரிவுக்குக் கொண்டு செல்கிறோம். அங்குள்ள மிஸ்ஸி உடனே குழந்தையை வாங்கிக் கட்டிலில் படுக்க வைப்பதில்லை. 'அம்மா, நீங்களே மடியில் வைத்துக்கொள்ளுங்கள்' என்று நாற்காலியைக் காட்டுவார். வாயைத் திற என்று நாக்கை அழுத்திப் பார்ப்பதில்லை. ஊசி குத்தி இரத்தம் எடுப்பதில்லை. சட்டைப் பொத்தானை மட்டும் தாயையே கழற்றச் சொல்லிவிட்டு, நான்கடி தள்ளி நின்று பார்த்துக் கொண்டிருப்பார். 'குழந்தை இப்படித் திணறுகிறது, இவர் நின்று வேடிக்கை பார்க்கிறாரே' என்று தகப்பனாருக்குக் கோபம் வருவது இயற்கை. ஆனால் அவர் பார்ப்பது வேடிக்கை அன்று. மூச்சு நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணுகிறார். மூச்சிழுக்கையில் கழுத்துக் குழியும் விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட சதையும் உள்ளே போகின்றனவா என்று கவனிக்கிறார். கீச்சொலி அழும்போது மட்டும் வருகிறதா, சும்மா இருக்கும்போதும் வருகிறதா என்று கேட்கிறார். உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா, குழந்தை தாயின் முகத்தைப் பார்க்கிறதா, மயங்கிக் கிடக்கிறதா என்பனவும் அவர் கணக்கில் உண்டு.

1978ஆம் ஆண்டில் வெஸ்ட்லி என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் இத்தகைய ஐந்து குறிகளுக்கு மதிப்பெண் வகுத்தனர். உணர்வு நிலை, நீலம் பாய்தல், கீச்சொலி, நெஞ்சுக்குள் காற்றுப் புகும் அளவு, சதை உட்குழிதல் ஆகிய இவற்றுள் காற்றின் அளவை அறியத்தான் ஸ்டெதஸ்கோப் தேவை. மற்ற நான்கையும் குழந்தையைத் தொடாமலே அறியலாம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுமானி உதவும்தான். ஆயினும் இந்நோயில் அந்த எண் கடைசியில்தான் குறையும். எண் நன்றாக இருக்கிறதென்று தாதி கண்ணை எடுத்துவிட முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. கடுமையாகத் திணறிக்கொண்டிருந்த குழந்தையின் கீச்சொலி திடீரெனக் குறைந்து, குழந்தை சோர்ந்து அமைதியாகிவிட்டால் 'நல்லவேளை, தூங்கிவிட்டது' என்று பெற்றோர் மகிழ்வர். அனுபவமுள்ள தாதி அப்போதுதான் மருத்துவரைக் கூப்பிட ஓடுவார். ஒலி எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை, இழுத்து இழுத்துக் குழந்தை களைத்துவிட்டது என்று அதற்குப் பொருள் இருக்கலாம். நன்றாகத் தேறிய குழந்தையின் அமைதி வேறு. அதன் முகம் தெளிவாக இருக்கும், நெஞ்சு உட்குழியாது, பால் கொடுத்தால் குடிக்கும்.

மருந்து எளியது. டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து ஒரே வேளை வாய்வழியாகக் கொடுக்கப்படுகிறது. முன்பு இதைப் பெரிய அளவில் கொடுத்து வந்தனர். 1995ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவர் கீல்ஹோட் வெளியிட்ட ஆய்வு, உடல் எடையில் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் என்னும் சிறிய அளவே போதுமானது என்று காட்டியது. நம் நாட்டு மருத்துவமனைகளின் குழந்தை நல வழிகாட்டி நூலும் இலேசான குரூப்புக்கு அதே அளவைத்தான் கூறுகிறது; நோய் கடுமையானால் அதைவிடக் கூடுதலான அளவைக் கூறுகிறது. சிறிய அளவின்படி 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 1.5 மில்லிகிராம். ஸ்டீராய்டு என்றவுடன் அஞ்சி மறுக்கும் பெற்றோர் உண்டு. மாதக் கணக்கில் உட்கொள்ளும் ஸ்டீராய்டின் தீமைகளை ஒரு வேளை மருந்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. அதற்காக, முன்பு வாங்கி மிஞ்சியதைத் தாமாக எடுத்துக் கொடுப்பதும் தவறு.

இந்த மருந்தைப் புகட்டுவதிலும் தாதியின் கைத்திறன் இருக்கிறது. ஊசியில்லாத சிரிஞ்சியில் எடுத்துக் கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக விடுவார். மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவது கூடவே கூடாது. வாந்தியெடுத்துவிட்டால் மருத்துவர் புடெசொனைட் என்ற மருந்தைப் புகையாக முகரக் கொடுக்கச் சொல்லக்கூடும்.

சும்மா இருக்கும்போதே கீச்சொலி கேட்டு நெஞ்சும் உட்குழிந்தால், அட்ரினலின் மருந்தை நெபுலைசர் வழியாக முகரச் செய்வர். வீங்கிய இடத்தின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தை உடனே தணிக்கும் மருந்து இது. முகமூடியை இறுக்கிக் கட்டினால் குழந்தை மிரளும். ஆகவே தாயின் கையில் கொடுத்து முகத்துக்கு அருகே பிடிக்கச் சொல்வர். ஆக்சிஜன் கொடுப்பதும் இப்படித்தான். அரை மணி நேரத்துக்குள் குழந்தை சிரிக்கத் தொடங்கும். பெற்றோரும் பையைத் தூக்கிக்கொண்டு 'போகலாமா?' என்பர். போகக் கூடாது. அட்ரினலினின் வேலை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்கியிருக்க வேண்டும். ஆகையால்தான் இரண்டு முதல் நான்கு மணி நேரம் வரை குழந்தையை வைத்துக் கவனிக்கின்றனர். அந்த நேரத்தில் மறுபடி மறுபடி வந்து எட்டிப் பார்க்கும் தாதியைத் தொல்லையென்று எண்ண வேண்டாம்.

மிகச் சில குழந்தைகளுக்கே செயற்கைக் குழாய் செருக வேண்டி வரும். எனினும் கடுமையான நோய் கண்ட குழந்தைக்கு அருகில், அதன் வயதுக்குரிய அளவைவிடச் சிறிய குழாய்களைத் தாதி எடுத்து வைத்திருப்பார். வீங்கிய துளையில் வழக்கமான அளவுக் குழாய் நுழையாது அல்லவா?

வீட்டில்

முதலில் வேது பிடித்தல். வெந்நீர் ஆவி தொண்டையை இளக்கும் என்பது உலகெங்கும் இருந்த நம்பிக்கை. மேலைநாட்டு மருத்துவமனைகளிலேயே குழந்தையை ஈரப்புகைக் கூடாரத்துக்குள் வைத்த காலம் ஒன்று இருந்தது. 2006ஆம் ஆண்டில் கனடாவின் டொரோண்டோ நகரில் செய்யப்பட்ட ஆய்வு, ஈரக் காற்றால் இந்நோய்க்குப் பயனில்லை என்று காட்டியது. பயனில்லை என்பதோடு போனால் பரவாயில்லை. திமிறும் குழந்தையையும் கொதிக்கும் பாத்திரத்தையும் ஒரே போர்வைக்குள் வைத்தால் வெந்த புண்ணோடுதான் மருத்துவமனைக்குப் போக நேரும்.

குளிர்ந்த காற்றின் கதை வேறு. இரவில் காரில் மருத்துவமனைக்குக் கொண்டு வருவதற்குள்ளேயே குழந்தை தேறிவிட்டது என்று குளிர்நாட்டுப் பெற்றோர் பலகாலமாகச் சொல்லி வந்தனர். 2023ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகர மருத்துவர்கள் அதைச் சோதித்து வெளியிட்டனர். அரை மணி நேரம் வெளிக்காற்றில் வைத்த குழந்தைகளுக்கு நோயின் கடுமை குறைந்தது. ஆனால் அது 10 பாகை செல்சியசுக்கும் குறைந்த குளிர். நம்மூரில் விடியற்காலையிலும் அந்தக் குளிர் ஏது? குழந்தையை வீட்டு முன்வாசலுக்குத் தூக்கி வந்து, தோளில் சாய்த்து, தெருவிளக்கைக் காட்டிப் பேச்சுக் கொடுப்பதில் தவறில்லை. குளிரால் இல்லாவிட்டாலும் அமைதியால் பயன் உண்டு. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து அதன்முன் குழந்தையின் முகத்தை நீட்டுவதைவிட இது நல்லது.

தைலம் பற்றிச் சொன்னால் பாட்டிமாருக்கு வருத்தமாக இருக்கும். எனினும் சொல்ல வேண்டியிருக்கிறது. கோடாலித் தைலம், விக்ஸ் போன்றவற்றில் மென்தாலும் கற்பூரமும் கலந்திருக்கின்றன. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கருகே இவற்றைத் தடவினால் மூச்சுக்குழல் இறுகிக்கொள்ளக்கூடும். ஏற்கெனவே வீங்கிய குழலுக்கு அது மேலும் ஆபத்து. தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சித் தடவுவதும் அவ்வாறே. சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திப் புகை, சிகரெட் புகை ஆகியவை குழந்தை இருக்கும் அறைக்கு வேண்டாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தரலாகாது. எல்லாவற்றிலும் கொடிது, தொக்கம் எடுக்கிறேன் என்று தொண்டைக்குள் விரலை விடுவது. மருத்துவரே தொடத் தயங்கும் இடம் அது.

செய்யத்தக்கவை இவை. குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அது எந்த நிலையில் இருக்க விரும்புகிறதோ அந்த நிலையிலேயே விடுங்கள். வீட்டில் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ஐந்து பேர் சுற்றி நின்று அழுதால் குழந்தையும் அழும். தாய்ப்பாலையோ தண்ணீரையோ சிறிது சிறிதாகக் கொடுங்கள். சோறு உண்ணும்படி வற்புறுத்த வேண்டாம். காய்ச்சல் இருந்தால் அதன் எடைக்கு ஏற்ற அளவு பாராசெத்தமோல் தரலாம். தூங்க வைக்கும் இருமல் மருந்து எதையும் தராதீர்கள். தூங்கும் குழந்தையின் பக்கத்திலேயே ஒருவர் படுத்து மூச்சைக் கவனிக்க வேண்டும்.

புறப்பட வேண்டிய நேரம்

சும்மா இருக்கும்போதும் கீச்சொலி கேட்டாலோ, கழுத்துக் குழியும் விலாவும் உள்வாங்கினாலோ, பால் குடிக்க முடியாமற்போனாலோ பொழுது விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. ஆறு மாதம் நிறையாத குழந்தையாயின் இருமல் ஒலி கேட்டவுடனேயே புறப்படுக. உதடு நீலம் பாய்ந்தால், அல்லது குழந்தை துவண்டால், 999க்கு அழையுங்கள்.

நம் நாட்டுக் குழந்தை நல வழிகாட்டி நூலில் என்னைக் கவர்ந்த வரி ஒன்று உண்டு. எத்தகைய குரூப் நோயாளியை மருத்துவமனையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற பட்டியலில், நோயின் கடுமை, சிறு வயது ஆகியவற்றோடு 'வீடு தொலைவில் இருப்பது, நம்பத்தக்க போக்குவரத்து இல்லாதது' என்பதும் சேர்க்கப்பட்டிருக்கிறது. வழிகாட்டியை எழுதியவர்கள் தாசேக் கெலுகோர் போன்ற ஊர்களையும் நினைத்திருக்கிறார்கள் போலும். முன்பு தோட்டத்திலேயே டிரெசர் இருந்தார். நள்ளிரவில் கதவைத் தட்டலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபின் அந்தக் கதவு இல்லை. ஊரில் அரசாங்கக் கிளினிக் உண்டு. ஆனால் அது பகல் நேரத்துக்குரியது. பட்டர்வொர்த்–பாடாங் பெசார் கம்யூட்டர் ரயில் நிற்கும் ஊர்தான். நள்ளிரவுக்குப் பின் ரயில் ஏது? கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனைக்கோ செபராங் ஜெயா மருத்துவமனைக்கோ போவதற்குச் சொந்தக் கார் வேண்டும், அல்லது அண்டை வீட்டாரின் கார் வேண்டும். சிறு குழந்தை உள்ள வீட்டில், இரவில் யாரை எழுப்புவது என்பதைப் பகலிலேயே பேசி வைத்துக்கொள்வது நலம். மோட்டார் சைக்கிளில் இருவருக்கிடையே குழந்தையை நெருக்கி வைத்துப் போனால் அதன் முகம் யாருக்கும் தெரியாது. மூச்சு நின்றாலும் தெரியாது. காரில் குழந்தையை நிமிர்ந்த இருக்கையில் வைத்துத் தாய் பக்கத்தில் அமர வேண்டும். மருத்துவரிடம் வீட்டின் தொலைவையும் வண்டி இல்லாததையும் கூச்சமின்றிச் சொல்லுங்கள். சேர்த்துக்கொள்வதா அனுப்புவதா என்று முடிவெடுக்க அவருக்கு அதுவும் தேவைப்படும் செய்தியே.

முகப்பில் உள்ளவரிடம் 'பாத்தோக்' என்று மட்டும் சொன்னால் சாதாரண இருமலென்று பச்சைப் பகுதியில் உட்கார வைத்துவிடக் கூடும். 'செசாக் நாபாஸ்' என்று முதலில் சொல்லுங்கள். மூச்சுத் திணறல் என்று அவர் புரிந்துகொள்வார். மலாய் தெரியாத பாட்டியிடம் குழந்தையை விட்டு வேலைக்குப் போகும் பெற்றோர் இந்த இரு சொற்களை அவருக்குச் சொல்லி வைக்கலாம்.

குரூப் அல்லாதவை

குரைப்பு இருமல் இல்லாமல் கடுங்காய்ச்சலும், எச்சிலை விழுங்க முடியாமல் வாயொழுகலும், முன்னே சாய்ந்து முகவாயை நீட்டி உட்காரும் நிலையும் காணப்பட்டால் அது குரல்வளை மூடியின் வீக்கமாக இருக்கலாம். சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்க வல்லது. இதற்குப் பெருங்காரணமான ஹிப் கிருமிக்குரிய தடுப்பூசி 2002ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் இலவசமாகப் போடப்படுவதால் இப்போது அரிதாகிவிட்டது. தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியாவும் மறைந்துவிட்டதாகவே பலர் எண்ணியிருந்தனர். 2016ஆம் ஆண்டில் அண்டை மாநிலமான கெடாவிலும் மலாக்காவிலும் அந்நோயால் குழந்தைகள் இறந்தபோதுதான் நாடு விழித்துக்கொண்டது. இவ்விரு நோய்க்குமான தடுப்பு மருந்து 2, 3, 5 மாதங்களிலும் 18ஆம் மாதத்திலும் போடப்படும் ஒரே ஊசியில் அடங்கியிருக்கிறது. குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தை எடுத்து விடுபட்டது உண்டா என்று பாருங்கள். காய்ச்சலே இல்லாமல், கச்சான் தின்றுகொண்டிருந்த குழந்தைக்குத் திடீரென மூச்சடைத்தால் பொருள் ஏதேனும் சிக்கியிருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

குரூப் பொதுவாக மூன்று நாட்களில் தணிந்துவிடும். சளி ஒரு வாரம் வரை நீடிக்கலாம். பகலில் குழந்தை விளையாடுவதைக் கண்டு ஏமாற வேண்டாம். அடுத்த இரவும் அதே நேரத்தில் இருமல் திரும்பக்கூடும் என்பதை வீட்டுக்கு அனுப்பும்போதே தாதி சொல்லி அனுப்புவார். அந்த இரவும் வண்டிக்கு ஏற்பாடு இருக்கட்டும். அடிக்கடி குரூப் வரும் குழந்தையையும், குறைமாதத்தில் பிறந்து மூச்சுக் குழாய் பொருத்தப்பட்டிருந்த குழந்தையையும் நோய் தணிந்த பின்னர் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அத்தகைய குழந்தையின் மூச்சுக்குழலில் பழைய வடுவால் துளை நிரந்தரமாகவே குறுகியிருக்கலாம்.